அரிசி கோடவுனில் டச்சுப் படம்

எபினேசர் அண்ணாச்சியைத் திருவொற்றியூரில் பலருக்கும் அரிசிக்கடை ஞானசெல்வி அக்காவின் வீட்டுக்காரர் என்றுதான் தெரியும். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் கப்பலில் இருந்த மனிதர். லீவில் வந்தால் கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போவோர் வருவோரை எல்லாம் நிறுத்திப் பேசிக்கொண்டிருப்பார். கடையை நடத்தியது, வளர்த்தது, பக்கத்துக் கட்டிடத்தை வாங்கி மாடியில் கோடவுன் கட்டியது எல்லாம் அக்காதான்.

அண்ணாச்சியின் அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து தேரடி அருகில் கடை போட்டவர். அண்ணாச்சி பிறந்ததும் படித்ததும் தெருச்சண்டையில் பல்லை உடைத்துக்கொண்டதும் இங்கேதான். அதனால் வீட்டுக்குள் தெற்கத்தித் தமிழ், தெருவில் இறங்கினால் மெட்ராஸ் பாஷை. இரண்டுமே அவருக்குத் தாய்மொழி. வியாபாரம் அவருக்கு ஒத்துவரவில்லை, சமையல் ஒத்துவந்தது. ஹாலந்துக் கம்பெனி ஒன்றின் ட்ரெட்ஜரில் சமையல்காரராகப் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்தின் அடியில் சேரும் மண்ணை உறிஞ்சி எடுத்து ஆழப்படுத்துகிற கப்பல் அது. ஊர் ஊராகப் போகிற கப்பல் இல்லை. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். வேலை முடிந்தால் மெஸ் ரூமில் படம் பார்ப்பதைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அதிகாரிகள் டச்சுக்காரர்கள் என்பதால் படமும் டச்சுப் படம்தான். உருளைக்கிழங்கு அடுப்பில் வேகும் நேரத்தில் வாசலில் நின்று பார்க்க ஆரம்பித்தவர், நாளடைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அந்த மொழியும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"எழுதத் தெரியாது தம்பி, இலக்கணமும் தெரியாது. ஆனா அவன் திட்டினா தெரியும், அழுதா தெரியும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சர்க்கரை கூடிப்போய் மருத்துவப் பரிசோதனையில் தேறாததால் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் கப்பலுக்கு நல்ல இணைய வசதி வந்திருந்தது. ஒவ்வொருவரும் அவரவர் கேபினில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். மெஸ் ரூமில் தூசி படிந்து கிடந்த டிவிடிப் பெட்டியை கேப்டன் தூக்கி அண்ணாச்சி கையில் கொடுத்தார். "இனிமேல் இதைப் பார்க்க நீ ஒருத்தன்தான்" என்றாராம். எல்லாம் கடந்த சில வருஷங்களில் வந்த டச்சுப் படங்கள். ஆங்கில எழுத்துகூடக் கீழே ஓடாது.

ஊருக்கு வந்த பிறகுதான் அண்ணாச்சிக்குக் கஷ்டம் தொடங்கியது. கடையில் அவருக்கென்று ஒரு வேலை இல்லை. பொன்னி மூட்டையை இட்லி அரிசிப் பக்கம் அடுக்கிவைத்தார். வாடிக்கையாளரிடம் பேச்சுக்கொடுத்து அவர் வாங்க வந்ததை மறக்கடித்தார். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, நீங்க மாடில போய் அந்தப் படத்தப் பாத்துட்டு இருங்களேன்" என்று அனுப்பிவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் அவர் தனியாகப் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, மூட்டை இறக்க வந்த மஜீது வாசலில் நின்றார். மஜீது அந்தப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் லோடுமேன். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா அண்ணாச்சி, அந்தக் கெய்வன் இன்னா சொல்றான், நீ இப்டி சிரிச்சிகினு கீற?"

"அவன் பொண்டாட்டி இவன வூட்ட விட்டு தொரத்திட்டா. இவன் போறதுக்கு எடமில்லாம சைக்கிள் கடைல வந்து குந்திகினு, 'நானாத்தான் வந்துட்டேன்'னு பீத்திகினு கீறான்."

மஜீது மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு அவரோடு நாலு பேர் வந்தார்கள். டியூஷன் சென்டர் ஒன்றில் ஓரங்கட்டிய பழைய புரொஜெக்டர் கிடைத்தது. வெள்ளையடித்த சுவரே திரை. அரிசி மூட்டைமேல் யாரும் உட்காரக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், காலிச் சாக்குகளை மடித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

நான் டோல்கேட் பகுதியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். அக்காவின் கடைக்கு அலுவலாக வந்தவன், மாடியிலிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு ஏறிப் போனேன். சுவரில் ஒரு நீதிமன்றம். வெள்ளைக் கழுத்துப்பட்டி கட்டிய நீதிபதி அம்மாள் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறாள். அண்ணாச்சி புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவளுக்குக் குரல் கொடுக்கிறார்: "இன்னாப்பா, நீ செஞ்சது ஞாயமா? அந்தப் புள்ளைங்க மூஞ்சிய பாத்து சொல்லு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் பாஷையைத் திரையில் பேசியவன் ஒன்று ரவுடியாக இருப்பான், இல்லையென்றால் அடி வாங்குகிற காமெடியனாக இருப்பான். ஒரு நீதிபதி அதே பாஷையில், கொஞ்சமும் கேலி இல்லாமல், நியாயம் கேட்டதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். கீழே வந்ததும் அக்கா கேட்டார்: "ஜட்ஜம்மால்லாம் இப்படியா பேசுவாவ? இவருக்குக் கொஞ்சமாச்சும் வெவஸ்தை இருக்கா?" அண்ணாச்சி படியிலிருந்தே பதில் சொன்னார்: "ஏட்டி, அந்தம்மா பேசுறதும் ராட்டர்டாம் ஹார்பர் பாசதான். நான் சரியாத்தான் மாத்துதேன்."

அதற்குப் பிறகு நான் ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

அந்தக் கோடவுனில் டச்சு சினிமாவைப் பற்றி நடந்த விவாதம்போல் வேறெங்கும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். யாருக்கும் அந்த நாட்டைத் தெரியாது, அந்த இயக்குநர்களைத் தெரியாது. அதனால் யாருக்காகவும் தாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை. குழந்தைகள் வருகிற படங்களை எல்லோரும் ஒருமுகமாகப் பாராட்டினார்கள். அப்பா ஜெயிலில் இருக்கிற ஒரு பையன் ஒரு குதிரைக்குட்டியை வளர்க்கிற படம் ஒன்று. அந்தப் பையன் கேமராவுக்காக எதையும் செய்யவில்லை. மூக்கை நோண்டினான், பொய் சொன்னான், பயந்தான். பெரியவர்கள் அவனிடம் மறைக்காமல் பேசினார்கள். "நம்ம படத்துல கொயந்த வந்தா ஒண்ணு பெரிய மன்சன் மாதிரி பஞ்ச் பேசும், இல்லாட்டி சாவும். இத்தப் பாரு, கொயந்த கொயந்தயாவே கீது" என்றார் மஜீது.

போர்ப் படங்கள்தான் அவர்களைச் சோதித்தன. பெட்டியைத் திறந்தால் முக்கால்வாசி அதுதான். ஜெர்மன்காரன் வருவான், ரொட்டிக்குப் பஞ்சம் வரும், யாரையாவது பரணில் ஒளித்துவைப்பார்கள், ஒரு சைக்கிள் திருடுபோகும். "இந்த வாரமும் அதே ஜெர்மன்காரனா? வேற சண்டையே போடலியா இவங்க?" என்று முனகினார்கள். வேறு சண்டையும் வந்தது. டச்சுச் சிப்பாய்கள் இந்தோனேசியாவுக்குப் போய் அங்கே கிராமத்து ஜனங்களைச் சுட்டதைக் காட்டிய படம் அது. அது முடிந்தபோது யாரும் கேலி பேசவில்லை. தன் தாத்தன் செய்த அநியாயத்தைத் தானே படமெடுத்துக் காட்டுகிறானே என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

காதல் படங்கள் வேறு ரகம். கிறிஸ்துமஸ் வரும், ஐந்து ஜோடி வரும், எல்லோர் வீடும் சோபாக் கடை விளம்பரம் மாதிரி இருக்கும். ஒருத்தரும் வேலைக்குப் போவதாகத் தெரியாது. ஞானசெல்வி அக்கா அந்தப் படங்களின் அடுப்படிகளைப் பார்ப்பதற்காக மட்டும் மேலே வருவார். எந்தப் படமானாலும் மூன்று வேளையும் ரொட்டிக்கு நடுவில் சீஸை வைத்துத் தின்கிறார்களே என்று அவருக்குத் தாங்காது. "பாவம், கொழம்புன்னு ஒண்ணு வச்சுக் குடுக்க ஆளில்லயே" என்பார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. டச்சுப் படத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் யாராவது துணியைக் கழற்றிவிட்டு ஏரியில் குதிப்பார்கள். அண்ணாச்சி அலறிக்கொண்டு புரொஜெக்டரின் முன்னால் பாய்ந்து நிற்பார். படம் முழுக்க அவருடைய வெள்ளைச் சட்டையில் விழும். பின்வரிசையிலிருந்து கெங்கம்மாவின் குரல் வரும்: "அண்ணாச்சி, நகரு. உன் தொப்பைல நீச்சலடிக்கிறாங்க."

கெங்கம்மா நெட்டுக்குப்பத்துக்காரர். எண்ணூர் முகத்துவாரத்தில் பிடிக்கிற மீனைக் கூடையில் கொண்டுவந்து தேரடித் தெருக்களில் விற்பவர். ஞாயிற்றுக்கிழமை கூடை காலியானதும், காற்றாடிக்குக் கீழே காலை நீட்டி உட்காரலாமே என்று மாடிக்கு வந்தவர், படத்தில் விழுந்துவிட்டார். அவருடைய புருஷன் அப்பாவு, நாலு வருஷத்துக்கு முன் ஒரு புயல் நாளில் பைபர் படகில் போனவர். கூடப் போன படகுகள் திரும்பின. அவர் படகின் பாதி பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. சொந்தக்காரர்கள் காரியம் செய்துவிடலாம் என்று எத்தனையோ முறை பேசிப் பார்த்தார்கள். "ஒடம்பப் பாத்தியா நீ? பாக்கல இல்ல? அப்போ வாயக் கயுவு" என்று கெங்கம்மா விரட்டிவிடுவார். வீட்டில் அப்பாவுவின் படத்துக்கு மாலை போடக்கூட விடவில்லை. மகள் செங்கொடி கல்லூரியில் படிக்கிறாள். அவள் அம்மாவிடம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி எடுத்துவைத்திருந்த டிவிடி கீறல் விழுந்து நின்றுவிட்டது. ஜனம் சத்தம் போட, மஜீது பெட்டியில் கைவிட்டு ஒன்றை உருவினார். அட்டையில் ஒரு சின்னப் பெண் சைக்கிளோடு நின்றாள். "கொயந்த படம்தான், போடு" என்று சொருகிவிட்டார். அண்ணாச்சியும் அட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், அந்தப் பெண்ணின் அப்பா விடிகாலையில் மீன்பிடிப் படகில் ஏறிக் கையசைத்தார். அப்போதுதான் அண்ணாச்சிக்கு அது எந்தப் படம் என்று உறைத்தது. அவர் திரும்பிப் பார்த்தார். கெங்கம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். அவர் நிறுத்தாமல் கதையை மாற்றினார். கடலோரக் காவல்காரன் வந்து கதவைத் தட்டித் தலை குனிந்து ஏதோ சொன்னபோது, "கவலப்படாத மா, வேற கப்பல்காரன் உங்க வூட்டுக்காரர தூக்கிகினு போய்ட்டானாம், எந்த ஊருன்னு விசாரிச்சிகினு கீறோம்" என்றார். ஊர்க்காரர்கள் கறுப்பு உடையில் வந்து உட்கார்ந்தபோது, "எல்லாரும் தைரியம் சொல்ல வந்துகீறாங்க" என்றார். கடைசிக் காட்சியில் அம்மாவும் மகளும் கடலைத் தடுக்கிற உயரமான மண்கரைமேல் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். அம்மா ஒரு வரி சொல்கிறாள். மகள் ஒரு வார்த்தை சொல்கிறாள். அண்ணாச்சி குரல் கொடுத்தார்: "நைனா நார்வே ஆஸ்பத்திரில கீறாராம், நாளைக்கி வந்துடுவாரு." "தெரியும்." இருவரும் சைக்கிளில் ஏறிப் போனார்கள். திரை கறுத்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். மஜீதுக்கு மட்டும் சந்தேகம். "புருஷன் கெடச்சிட்டான். அப்பால இன்னாத்துக்கு அந்தம்மா மூஞ்சிய இப்டி வெச்சிகினு கீது?"

"டச்சுக்காரன் அப்டித்தான்டா. சிரிப்பு, அழுக எல்லாம் உள்ளேயே பூட்டி வெச்சிப்பான்."

அது எல்லோரும் ஏற்கெனவே கண்ட குறைதான். இந்தப் படங்களில் யாரும் வாய்விட்டு அழுவதில்லை, யாரும் யார் தோளிலும் சாய்வதில்லை, படம் முடிகிற இடத்தில் முடியாமல் பாதியில் பிடுங்கிய மாதிரி நிற்கும் என்று வாராவாரம் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் நம்பிவிட்டார்கள். கெங்கம்மா கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் நடந்ததை எனக்கு ஞானசெல்வி அக்கா சொன்னார். கெங்கம்மா மீன் இல்லாமல் வெறுங்கையோடு கடைக்கு வந்திருக்கிறார். அண்ணாச்சி வாசல் ஸ்டூலில் இருந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கறேன். அந்தாளு செத்துட்டாருதானே?"

"எந்த ஆளும்மா?"

"டபாய்க்காத. அந்தப் பொண்ணோட நைனா."

"அதான் நார்வேல..."

"அந்தப் பொம்பள மூஞ்சி புருஷன் கெடச்சவ மூஞ்சி இல்ல அண்ணாச்சி. அந்த மூஞ்சிய நான் தெனம் கண்ணாடில பாக்கறேன். என்னாண்டயே பொய் சொல்றியா நீ?"

அக்கா அரிசி அளப்பதை நிறுத்திவிட்டார். "ஏங்க, உள்ளதச் சொல்லுங்க."

அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். "ஆமாம்மா. செத்துட்டாரு."

கெங்கம்மா கடைப் படியில் உட்கார்ந்தார். "ஒடம்பு கெடச்சிதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்போ அந்தம்மாக்கு எப்டித் தெரிஞ்சிது?"

"படத்துல அத்தச் சொல்லலம்மா. ஒருநாள் காலைல எந்திரிச்சி, வாசல்ல இருந்த அவரோட ரப்பர் பூட்ஸ எடுத்து உள்ள வெக்கிறா. அவ்ளோதான் காட்றான்."

"அத்த நீ இன்னான்னு சொன்ன நேத்து?"

"மழ வருதுன்னு எடுத்து வெக்கிறான்னு சொன்னேன்."

"வெய்யில் அடிச்சிகினு இருந்துச்சே அண்ணாச்சி." கெங்கம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டதாம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வர்ற ஞாயித்துக்கெயம அதே படத்த மறுக்கா போடு. அவங்க இன்னா பேசறாங்களோ அத்த மட்டும் சொல்லு. உன் சரக்கு ஒண்ணும் சேக்காத."

அந்த வாரம் அண்ணாச்சி என் வங்கிக்கு வந்து, ஒரு வேலையும் இல்லாமல் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் பேசினார்.

"தம்பி, கப்பல்ல இந்தப் படத்த நான் நாலஞ்சு தடவ பாத்திருக்கேன். பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டைரக்டர் மேல கோவம்தான் வரும். ஒரு பாட்டுப் போடக் கூடாதா, அந்தம்மாவ ஒரு மூச்சு அழ விடக் கூடாதா, கல்நெஞ்சுக்காரனா இருக்கானேன்னு. இப்ப பாரு, நான் மொத்தக் கதையையும் தலைகீழாச் சொல்லியும் கெங்கம்மாவுக்கு விசயம் போய்ச் சேந்துட்டு. அந்த நடிகை மொகத்துலயே எழுதி வச்சிருக்கா. நான் அவ மொகத்த நம்பாம என் வாய நம்பிட்டேன்."

"நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சீங்க."

"அது சரிதான். ஆனா அந்தம்மாவச் சின்னப்புள்ளையாக்கிட்டேனே. டச்சுக்காரன் சின்னப்புள்ளைகிட்டயே உள்ளதச் சொல்லுதான்."

அடுத்த ஞாயிறு கெங்கம்மா மகளையும் கூட்டிவந்தார். செங்கொடி அதற்கு முன் அங்கே வந்ததில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதால் இருவரும் தாமதமாகத்தான் வந்தார்கள். அதுவரை படத்தைப் போடாமல் காத்திருந்தோம். விஷயம் எப்படியோ பரவி, கோடவுனில் கால்வைக்க இடமில்லை. அண்ணாச்சி முன்னால் வந்து நின்றார்.

"போன வாரம் நான் சொன்ன கதைல பாதி என் கதை. இன்னிக்கி அவங்க கதைய சொல்றேன்."

"அப்போ நார்வே?" என்றார் மஜீது.

"நார்வே இல்லடா."

படம் ஓடியது. அண்ணாச்சி வழக்கமாகக் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கிப் பேசுகிறவர். அன்றைக்கு அவர் குரல் ஒரே சீராக இருந்தது. அவர்கள் பேசியபோது பேசினார், அவர்கள் நிறுத்தியபோது நிறுத்தினார். கதவைத் தட்டிய காவல்காரன் சொன்னதை அப்படியே சொன்னார். ரப்பர் பூட்ஸ் காட்சி வந்தது. அந்த அம்மா வெயிலில் பூட்ஸை எடுத்து, உள்ளே இருந்த மணலைத் தட்டிக் கொட்டி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள். அண்ணாச்சி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. போன வாரம் பார்த்த அதே படத்தை இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு. கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்று கத்திக்கொண்டு போய், சத்தம் அடங்கியது.

மண்கரை வந்தது. சைக்கிள்கள் நின்றன.

"நைனா இனிமே வரமாட்டாருமா" என்றார் அண்ணாச்சி.

மகளின் பதிலாக, "தெரியும்" என்றார்.

திரை கறுத்தது. அதற்கப்புறம் டிவிடியின் முதல் பக்கம் வந்து, அதன் சின்ன இசைத்துணுக்கு திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. கெங்கம்மா அழுதார். அந்தப் படத்தில் ஒருத்தரும் அழாத அழுகையை எல்லாம் சேர்த்துவைத்து, மார்பில் அடித்துக்கொண்டு, "என் ராசா, என்னிய வுட்டுட்டு போய்ட்டியே" என்று நாலு வருஷமாகச் சொல்லாத பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். செங்கொடி அவரைக் கட்டிக்கொண்டாள். ஞானசெல்வி அக்கா ஓடிவந்து இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். மஜீது தலையைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

அழுது ஓய்ந்து, முகம் கழுவி, அக்கா கொடுத்த டீயைக் குடித்த பிறகு கெங்கம்மா பேசினார்.

"படம் நல்ல படம் அண்ணாச்சி. சோக்கா எடுத்துகீறான். ஒரே ஒரு கொற."

"சொல்லும்மா."

"அந்தப் பொம்பளயும் பொண்ணும் தனியாவே நிக்கிறாங்க. ஊரே கறுப்புத் துணி போட்டுகினு வந்துச்சி, காப்பி குடிச்சிச்சி, எந்திரிச்சிப் போச்சி. ஒருத்தி கூட கிட்ட வந்து தொட்டுப் புடிக்கல. அந்த ஊர்ல அப்டித்தான் போல. அது மட்டும் எனக்கு மனசு ஒப்பல."

நான் எத்தனையோ பத்திரிகைகளில் சினிமா விமர்சனம் படித்திருக்கிறேன். ஒரு நாட்டுப் படங்களின் நல்லதையும் இல்லாததையும் இத்தனை சுருக்கமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

சில வாரங்கள் கழித்து நெட்டுக்குப்பத்தில் அப்பாவுவுக்குக் காரியம் நடந்தது. நாங்கள் எல்லோரும் போனோம். முகத்துவாரத்தில் தண்ணீர் அன்று சாம்பல் நிறத்தில் இருந்தது. படகில் கொஞ்சதூரம் போய்ப் பூ விட்டுவிட்டு வந்தார்கள். வீட்டில் அப்பாவுவின் படத்துக்குச் செங்கொடி மாலை போட்டாள். கெங்கம்மாவின் நெற்றிப்பொட்டை எடுக்கச் சொல்லி ஒரு உறவுக்கார அம்மாள் ஆரம்பித்தபோது, "அவருக்கு மால போட்டாச்சி. என் பொட்டு என்னோடது, அதுல கைவெக்காத" என்று அடக்கிவிட்டார்.

அண்ணாச்சிக்கு அதோடு விடுதலை கிடைக்கவில்லை. "வேற எந்தெந்தப் படத்துலல்லாம் எங்கள டபாய்ச்சே?" என்று கோடவுனில் விசாரணை வைத்தார்கள். அவர் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். மாட்டுப்பண்ணைப் படத்தில் அரைமணி நேரம் யாருமே பேசவில்லை, ஜனம் தூங்கிவிடுமே என்று பண்ணைக்காரன் மாட்டிடம் மனம்விட்டுப் பேசுவதாகச் சேர்த்தது தான்தான் என்றார். சைக்கிள் கடைக்காரனைப் பெண்டாட்டி கடைசியில் மன்னிக்கவில்லை என்றார். கிறிஸ்துமஸ் படத்து ஐந்து ஜோடியில் இரண்டுதான் சேர்ந்தது, மீதி மூன்றுக்கும் தான் கல்யாணம் செய்துவைத்ததாகச் சொன்னார். எல்லாவற்றையும் மறுபடி போடச் சொன்னார்கள்.

போட்டபோது ஒரு விஷயம் வெளிச்சமானது. நல்ல படங்கள் அண்ணாச்சி சேர்க்காமல் இருந்தபோது இன்னும் நன்றாக இருந்தன. பண்ணைக்காரன் ஒன்றும் பேசாமல் பனிமூட்டத்தில் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றபோது இந்தத் தடவை யாரும் தூங்கவில்லை. "நீ தாம்பா அன்னிக்கி தொணதொணன்னு பேசி கெடுத்துட்ட" என்றார் மஜீது. ஆனால் சோபாக் கடைக் காதல் படங்களை உள்ளபடியே சொன்னபோது சப்பென்று இருந்தது. ஒரு படம் மாதிரியே இன்னொன்று, ஒரு ஜோடி மாதிரியே இன்னொன்று. கடைசியில் கைதூக்கி முடிவெடுத்தார்கள்: மற்ற படமெல்லாம் டச்சுக்காரன் சொன்னபடி, காதல் படம் மட்டும் அண்ணாச்சி சொல்கிறபடி. அண்ணாச்சி அந்தத் தீர்ப்பை ரொம்பப் பணிவோடு ஏற்றுக்கொண்டார். அக்காவிடம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பீற்றிக்கொண்டதாகக் கேள்வி.

போன மாதம் அரிசி லோடு அதிகமாக வந்து கோடவுன் நிறைந்துவிட்டது. கெங்கம்மா நெட்டுக்குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் பேசி, வலை பின்னுகிற கூடத்தை ஞாயிறு சாயங்காலத்துக்கு வாங்கிக் கொடுத்தார். பாதிப் பார்வையாளர்கள் இப்போது குப்பத்து ஜனம். அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிக்கொள்வதால், படத்தில் வரும் பெண்களுக்கெல்லாம் கெங்கம்மாதான் குரல். அண்ணாச்சி காதில் சொல்வார், கெங்கம்மா அதைச் சபைக்குச் சொல்வார்.

போன ஞாயிறு அங்கே, குளிர்காலத்தில் வாய்க்கால் தண்ணீர் உறைந்து ஊரே அதன்மேல் சறுக்கிப் போகிற படம் ஓடியது. கடல் காற்றில் திரைத் துணி உப்பி உப்பி அடங்கியது. வெளியே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளில் விளக்கு எரிந்தது. பனிமேல் விழுந்து எழுந்த ஒரு நடுவயதுப் பெண், தன்னைத் தூக்கிவிட்ட ஆளைப் பார்த்து என்னவோ சொன்னாள். அண்ணாச்சி கெங்கம்மாவின் காதில் சொன்னார். கெங்கம்மா முகத்தைச் சுளித்தார்.

"'நன்றி'ன்னு மட்டுமா சொல்றா? அவன் எம்மாந்தூரம் ஓடியாந்து தூக்கிகீறான்."

"அவ்ளோதாம்மா சொல்றா."

கெங்கம்மா திரையை ஒருதரம் நிதானமாகப் பார்த்தார். அந்தப் பெண் அவன் கையை இன்னும் விடவில்லை. கெங்கம்மா குப்பத்து ஜனத்தின் பக்கம் திரும்பி, உள்ளது உள்ளபடி, "நன்றி" என்றார். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.